புது லேப்டாப் திரையில் புள்ளி தெரிந்தால்

காட்பாடியில் தங்கிப் படிக்கும் என் தங்கைக்கு, சந்தைக்கு வந்த சூட்டோடு ஒரு புது மாடல் லேப்டாப் வாங்கினோம். இரவு விளக்கை அணைத்துப் பார்த்தால் கறுப்புத் திரையின் வலது மூலையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி!

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையில் வைத்துப் பாருங்கள். புள்ளி எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருந்தால் அது செத்த பிக்சல் (பிக்சல் என்பது திரையில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளி), மீளாது. ஒரே நிறத்தில் எரிந்துகொண்டிருந்தால் சிக்கிக்கொண்ட பிக்சல், அது சில சமயம் தானாகவே சரியாகும். விரலால் மட்டும் அழுத்தவே அழுத்தாதீர்கள், பக்கத்துப் பிக்சலும் போய்விடலாம்.

ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா? தலையைச் சாய்த்துப் பாருங்கள். கூடவே நகர்ந்தால் அது ஐபிஎஸ் என்ற எல்சிடி திரை வகையின் இயல்பு, அசையாமல் நின்றால் குறை. திரை மினுக்கினால் ஹெச்டிஎம்ஐ கேபிளில் வேறு மானிட்டரை இணையுங்கள். அதில் சரியாக ஓடி, பயாஸ் பக்கத்திலும் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) லேப்டாப் திரை மினுக்கினால், கோளாறு பெரும்பாலும் பேனலிலோ (திரைத் தகடு) அதற்குப் போகும் உள் கேபிளிலோதான்.

ஒரு புள்ளிக்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள், எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். அதனால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் விற்றவரிடமே போங்கள், பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை.