அலங்கார எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு பென்சில்கள்

அலங்கார எழுத்தைப் பொழுதுபோக்காகத் தொடங்க விரும்புவோர், யாழ்ப்பாண நகரப் புத்தகக்கடைகளில் பட்டைமுனைப் பேனா தேடுவதற்கு முன்னர், கூரிய இரண்டு பென்சில்களை முனைகள் சமமாக நிற்குமாறு இறுகக் கட்டிச் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதிப் பழகலாம். இரு முனைகளும் பேனாவின் இரு ஓரங்களைப் போலவே இயங்குவதால், அவற்றை இணைக்கும் கோடு அடிக்கோட்டுடன் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கப் பிடித்து, கையைத் திருப்பாமல் எழுதினால், நிலைக்கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மெலிந்தும் அமைவதைத் தெளிவாகக் காணலாம். ட, ப ஆகியவற்றில் தொடங்கி வ, ல போன்ற வளைவுகளுக்குச் செல்வது நல்லது. சுழிகள் நிறைந்த இ, ஞ என்பவற்றுக்கு (அழகானவைதான்) அவசரம் வேண்டாம். பேனாவுக்கு மாறும்போது மட்டும் தடித்த, வழுவழுப்பான தாளை வாங்குங்கள். மலிவான கொப்பித்தாளில் மை ஊறிப் பரவிவிடும்.