வசனத்தில் மரியாதையை அளப்பது எப்படி: ‘நீங்கள்’ எண்ணி ஏமாந்த பிறகு எழுதிய செய்முறை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் அறையில் உட்கார்ந்து, ஒரு முழுப் படத்தில் வரும் ‘நீ’, ‘நீங்கள்’ அத்தனையையும் எண்ணினேன். மூன்று இரவுகள் போயின. கண்டுபிடித்தது இதுதான்: வேலைக்காரர் முதலாளியை ‘நீங்கள்’ என்கிறார், முதலாளி வேலைக்காரரை ‘நீ’ என்கிறார். இதற்குப் படமே வேண்டாம்; பெரிய மார்க்கெட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். உங்களுக்காவது அந்த மூன்று இரவுகள் மிச்சமாகட்டும்.

1. ஒரே ஒரு காட்சியை எடுங்கள்

மூன்று நிமிடம் போதும். ஒருவர் மற்றவரிடம் ஏதாவது கேட்க வேண்டும்: கடன், விடுப்பு, மன்னிப்பு, பெண். யாரும் யாரிடமும் எதுவும் கேட்காத காட்சியில் மரியாதைக்கு வேலை குறைவு. டப்பிங் படம் வேண்டாம். அங்கே வாயசைப்புக்குப் பொருந்துகிறதே என்று ‘வாருங்கள்’ போய் ‘வா’ வந்திருக்கலாம்.

2. காதால் கேட்டு, கையால் எழுதுங்கள்

ஆங்கில சப்டைட்டிலை நம்பி இறங்காதீர்கள். நீ, நீர், நீங்கள், தாங்கள் நான்கும் அங்கே ஒரே சொல்லாகிவிடும். பேச்சைத் தானாக எழுதித் தரும் செயலிகளையும் நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. வாக்கியத்தின் வால்தான் நமக்கு வேண்டும். அவை முதலில் தின்பது வாலைத்தான். விஎல்சி பிளேயரில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நீள நோட்டில் எழுதுவதே என் வழி. பேச்சு வடிவத்தை அப்படியே எழுதுங்கள். இங்கே படிக்க எளிதாக எழுத்து நடையில் தருகிறேன்.

3. கட்டம் போடுங்கள்

யார், யாரிடம், விளிச்சொல் (ஐயா, அண்ணா, தம்பி, ‘டா’), வினைமுற்றின் விகுதி, என்ன கேட்கிறார். விகுதிக்குத் தனிக் கட்டம் கட்டாயம். தமிழில் ‘நீ’ என்று சொல்லாமலே ‘வா’ என்றும், ‘நீங்கள்’ என்று சொல்லாமலே ‘வாருங்கள்’ என்றும் சொல்லிவிடலாம். என் எண்ணிக்கையிலிருந்து பாதி வசனம் நழுவியது இதனால்தான்.

4. அந்தஸ்து வேறு, அதிகாரம் வேறு

நான் விழுந்த குழி இது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தேன். நானே எழுதிய ஒரு மாதிரிக் காட்சியைப் பாருங்கள். கடலூர் முதுநகர் துறைமுகம். விசைப்படகின் முதலாளி இளைஞர். படகை ஓட்டுபவர் அவரைவிட மூத்தவர்.

கரையில் முதலாளி: “வலையை ஏற்றுடா. எத்தனை முறை சொல்வது?”

ஓட்டுநர்: “நீங்கள் போங்கள், ஏற்றிவிடுகிறேன்.”

நடுக்கடலில் எஞ்சின் நிற்கிறது.

முதலாளி: “அண்ணா, எஞ்சினைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?”

ஓட்டுநர்: “பார்க்கலாம். முதலில் நீங்கள் உட்காருங்கள்.”

படகு இன்னும் முதலாளி பெயரில்தான் இருக்கிறது; அவர் அந்தஸ்து அணுவளவும் குறையவில்லை. ஆனால் கரை சேருவது இப்போது ஓட்டுநர் கையில். ‘டா’ போய் ‘அண்ணா’ வந்தது, கட்டளை கேள்வியானது, நடுவே ஒரு ‘கொஞ்சம்’ நுழைந்தது. ஓட்டுநரோ இரண்டு இடத்திலும் ‘நீங்கள்’தான் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் அவரிடம் மாற்றமே தெரியாது. ஆனால் கரையில் பணிந்து ஒதுங்கிய அதே ‘நீங்கள்’, கடலில் ஆளை உட்கார வைக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் மரியாதையை விட்டுவிட்டால் இந்த நொடியில் யாருக்கு நஷ்டம்? நஷ்டப்படாதவரிடம்தான் அதிகாரம்.

மொழி ஆய்வாளர்கள் பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவுக்கு மூன்று அளவைகள் சொன்னார்கள்: இருவருக்கும் இடையிலான தூரம், உதவி கேட்பவர் மீது மற்றவருக்கு உள்ள அதிகாரம், கேட்கும் பொருளின் கனம். 1987இல் தனி நூலாக வந்த அந்த ஆய்வுக்கு லெவின்சன் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழைத்தான் கேட்டார். நம் சரக்குதான், திரும்பி வந்திருக்கிறது. தொல்காப்பியரும் கேட்பவரின் நிலையைப் பார்த்தார்: ‘ஈ’ என்று கேட்பவர் தாழ்ந்தவர், ‘தா’ என்பவர் ஒத்தவர், ‘கொடு’ என்பவர் உயர்ந்தவர். இன்று ‘ஈ’ வழக்கில் இல்லை. அந்த இடத்தை ‘கொஞ்சம்’, ‘முடியுமா’, தலையைச் சொறிதல் மூன்றும் பங்கிட்டுக்கொண்டன.

5. மாறும் இடத்தில் வட்டம் போடுங்கள்

‘நீங்கள்’ ‘நீ’யாகும் வரி, ‘ஐயா’ காணாமல் போகும் வரி. யார் முதலில் மாற்றினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர். பிரெஞ்சில் ‘வூ’விலிருந்து (நீங்கள்) ‘த்யூ’வுக்கு (நீ) இறங்கலாம் என்று பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும், சின்னவர் முந்தினால் அது திமிர் என்றார். 1960இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. (இந்த பிரவுன் வேறு, மேலே சொன்ன பெனிலோப் அல்ல. நான் ஒருமுறை இருவரையும் ஒருவராக்கித் தலைகுனிந்தேன்.) நம் படங்களிலோ கீழே இருப்பவர் முந்திக்கொண்டு ‘நீ’ என்று சொல்லும் இடத்தில்தான் தியேட்டரில் விசில் பறக்கிறது.

பின்சேர்க்கை: “அம்மா மகனை ‘வாடா’ என்றால் அவமரியாதையா?” என்று ஒரு வாசகி கேட்டார். இல்லை. அங்கே தூரம்தான் குறைவு. மகன் திருப்பி ‘வாடி’ என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கொஞ்சலுக்குள்ளும் அதிகாரம் இருக்கிறது. நண்பர்கள் இருவரும் மாறி மாறி ‘டா’ போட்டால் அது நெருக்கம் மட்டுமே.

இன்னொரு பின்சேர்க்கை: எதிரில் இருப்பவரைக் காட்டும் விகுதியே இல்லாத வரிகளை எங்கே போடுவது என்று இருவர் கேட்டார்கள். “சாப்பிட்டாயிற்றா?” என்ற வரிதான் அவர்களைக் குழப்பியது. ‘நீ’யா ‘நீங்களா’ என்று முடிவு செய்ய முடியாதபோது தமிழர் ஒளிந்துகொள்ளும் புதர் அது. நேற்றுவரை தம்பியாக இருந்தவர் இன்று மேலதிகாரியாக வந்தால் அலுவலகமே இப்படித்தான் பேசும். இதற்காக என் நோட்டில் ‘நழுவல்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பழைய காட்சிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் நிரம்பிக்கொண்டே போகிறது.