மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் விடு: அயர்லாந்து விவசாயக் குடும்பங்களோடு பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் சிறு நகரங்களுக்கு நர்ஸ் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் வரும் நம் குடும்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துச் சில மாதங்கள் ஆனதும், வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ, "ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, பிள்ளைங்க கன்றுக்குட்டி பார்க்கட்டும்" என்று கூப்பிடுவார்கள். அங்கே போய், முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். சேற்றுக்கு ஏற்ற பூட்ஸ் வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். இங்கே எழுதுவது, யாரும் சொல்லித்தராத தவறுகளைப் பற்றி. அயர்லாந்து விவசாயி முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார். சிரித்து வழியனுப்பிவிட்டு அடுத்த முறை கூப்பிடாமல் இருந்துவிடுவார். என்ன தவறு நடந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பால் கறக்கும் நேரத்தில் போய் நிற்பது

கறவைப் பண்ணையில் காலை ஏழு மணியை ஒட்டி ஒன்று, மாலை நான்கு முதல் ஆறு வரை ஒன்று என இரண்டு கறவை. மாலை ஐந்து மணிக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது. இருந்தாலும் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுத்தான் உங்களோடு உட்கார வேண்டும். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை நல்ல நேரம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பசுக்கள் கன்று ஈனும், ஆடுகள் குட்டி போடும். அந்த மாதங்களில் அவர்களுக்கு இரவுத் தூக்கமே அரைகுறைதான். மே கடைசியிலும் ஜூனிலும் சைலேஜ் வெட்டு, அதாவது குளிர்காலத் தீவனத்துக்குப் புல்லை வெட்டிப் பதப்படுத்துவது. வானம் தெளிந்த இரண்டு நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்த இரண்டு நாளில் உங்கள் சந்திப்பு தள்ளிப்போனால் வருத்தப்படாதீர்கள்.

"எத்தனை ஏக்கர்? எத்தனை மாடு?"

கேட்கவே கூடாது. பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதும் இதுவும் அங்கே ஒன்றுதான்.

கேட்

புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே அதிகம் செலவு வைப்பதும் அதிகம் எரிச்சல் தருவதும் இதுதான். இவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய ஒன்று இன்னும் தொடர்வதைப் பார்த்தால் மனம் ஆறவில்லை. வயலில் நடக்கப் போகிறவர்கள் ஒரு கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வருகிறார்கள். இல்லையென்றால், நல்லது செய்வதாக நினைத்து, திறந்திருந்த கேட்டை மூடிவிட்டு வருகிறார்கள். இரண்டுமே ஒரே அளவு கெடுதல். விதி ஒன்றுதான்: வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மூடுவதால் என்ன கெடுதல் என்று பலர் கேட்கிறார்கள். அயர்லாந்துப் பண்ணையில் மேய்ச்சல் நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றில் மேய விடுவார்கள். தண்ணீர்த் தொட்டி எல்லாத் துண்டிலும் இருக்காது. பக்கத்துத் துண்டில் இருக்கும் தொட்டிக்குப் போகத்தான் அந்த கேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். வெயில் நாளில் ஒரு கறவை மாடு நூறு லிட்டர் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். காலையில் கேட் மூடிக்கொண்டால், மாலைக் கறவையில் பால் குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் விவசாயிக்கு விஷயமே தெரியும்.

திறந்து போட்டால் வரும் கெடுதல்கள் இதைவிடப் பெரியவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் காளை. கிடேரிகளைப் பதினைந்து மாத வயதில் சினைக்கு விட்டு, இரண்டு வயதில் கன்று ஈன வைப்பது அங்கே வழக்கம். ஆனால் ஒன்பது, பத்து மாதக் கிடேரியே பருவத்துக்கு வந்துவிடும். கேட் திறந்து, காளை அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு மாலை இருந்தாலும் போதும். சினை பிடித்த கிடேரி இடுப்பெலும்பு விரியாத வயதில் ஈன வேண்டிவரும். கன்று சிக்கும், அறுவை செய்ய நேரும், தாயும் பிழைக்காமல் போகலாம். காளை உள்ளே போனது உடனே தெரிந்தால், கால்நடை மருத்துவர் ஊசி போட்டுச் சினையைக் கலைத்துவிட முடியும். தெரியாவிட்டால் வயிறு பெருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது பால் தொட்டி. கறவை வற்றிய மாடுகளுக்கு, மடிநோய் வராமலிருக்க, நீண்ட நாள் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் மருந்தை மடியில் ஏற்றி வைத்திருப்பார்கள். சிகிச்சையில் இருக்கும் மாடுகளும் தனியே நிற்கும். வாலிலோ காலிலோ சிவப்பு டேப் சுற்றிய மாட்டைப் பார்த்தால் அது இந்த வகை. அப்படி ஒன்று கறவைக் கூட்டத்தோடு கலந்து, அவசரத்தில் யாரும் கவனிக்காமல் கறந்துவிட்டால், தொட்டியில் இருக்கும் பால் முழுவதும் பாழ். நூறு மாடு, தலைக்கு இருபத்தைந்து லிட்டர், இரண்டு நாள் பால் என்று வைத்தால் ஐயாயிரம் லிட்டர். அது டேங்கர் லாரியில் ஏறிய பிறகு கண்டுபிடித்தால், மற்ற பண்ணைகளின் பாலும் சேர்ந்து போகும். அந்த நஷ்டமும் இவர் தலையில்தான்.

மூன்றாவது காசநோய். அயர்லாந்தில் ஒவ்வொரு மாட்டுக்கூட்டத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். கழுத்தில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். ஒரு மாடு சிக்கினாலும் அதை வெட்டுக்கு அனுப்பி, பண்ணைக்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள். சுமார் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பரிசோதனைகளில் முழுக் கூட்டமும் தேறும்வரை வழக்கம்போல மாடு விற்க முடியாது. எல்லை கேட் திறந்து பக்கத்துப் பண்ணை மாடுகளோடு முகத்தோடு முகம் உரச விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பசித்த மாடு ஈரமான க்ளோவர் (ஒரு தீவனச் செடி) வயலுக்குள் பாய்ந்தால் வயிறு உப்பிச் சில மணி நேரத்தில் சாகும். சாலைக்கு ஓடினால் கார் மோதும். 1985-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, மாடு சாலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதில் கவனக்குறைவு இருந்தால் உரிமையாளர்தான் பொறுப்பு. திறந்தது நீங்கள், முதலில் கேள்வி வருவது அவரிடம்.

இனி செய்முறை. பலர் சேர்ந்து போகும்போது, கடைசியாகக் கடப்பவர் மூடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது எப்படி இருந்தது என்பது முன்னால் போனவருக்கு மட்டும்தான் தெரியும். எனவே திறந்தவரே நின்று, எல்லோரும் கடந்த பிறகு, தன் கையால் மூட வேண்டும். சங்கிலியோ நீலக் கயிறோ எந்தச் சுற்றில் இருந்ததோ அதே சுற்றில் மாட்ட வேண்டும். தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். மாடுகள் மூக்கால் தள்ளிப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். திறக்க முடியாத கேட்டில் ஏறித்தான் தாண்ட வேண்டும் என்றால், கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கேட் தொங்கிப்போகும், பிறகு அது சரியாக மூடவே மூடாது.

மின்வேலியில் சுருள்கம்பியால் ஆன வழி இருக்கும். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, தாண்டி, உடனே அதே கொக்கியில் மாட்டிவிடுங்கள். கழற்றிப் புல்லில் போட்டுவிட்டுப் போனால் மாடுகளுக்கு வழி திறந்தது மட்டுமல்ல. கம்பியில் மின்சாரம் இருந்தால் அது தரையில் இறங்கி, வேலி நெடுகவே வலு குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தவறு நடந்துவிட்டால் அந்த நிமிடமே போன் செய்வது. கறவை நேரமானாலும் சரி, இரவானாலும் சரி. காளை உள்ளே போன மாலையில் சொன்னால் ஒரு ஊசியில் முடியும் விஷயம், ஒன்பது மாதம் கழித்து அறுவை சிகிச்சையாக வந்து நிற்கும். வெட்கப்பட்டு மறைப்பவரைத்தான் அவர்களால் மன்னிக்க முடிவதில்லை.

நாயைக் கூட்டிக்கொண்டு போவது

ஆடு துரத்தும் நாயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மலத்தைப் பற்றி. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலம் வழியாகப் புல்லில் கலந்து, அதைத் தின்ற பசுவுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். தாயிடமிருந்து கன்றுக்கும் இறங்கும். எனவே வயலில் மலத்தை எடுக்காமல் வரவே கூடாது. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவது அதைவிட நல்லது.

காளைக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள், கன்றோடு நிற்கும் பசுவின் அருகில் போட்டோ எடுக்கப் போய்விடுகிறார்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். நாயோடு போகும்போது பசு பாய்ந்து வந்தால் நாயைக் கயிற்றோடு விட்டுவிடுங்கள். அது ஓடிப் பிழைத்துக்கொள்ளும்.

ஊருக்குப் போய் வந்த அதே செருப்போடு

நம் ஊரில் கோமாரி என்றால் வந்து போகும் நோய். அயர்லாந்தில் அது தேசியப் பேரிடர். 2001 மார்ச்சில் லௌத் கவுண்டியில் ஒரே ஒரு பண்ணையில்தான் நோய் உறுதியானது. அது உறுதியாவதற்கு முன்பே, நோய் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே டப்ளினின் செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலத்தை மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மாட்டுத்தொழுவத்தில் நின்ற செருப்பையோ ஷூவையோ பண்ணைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சாணம் ஒட்டாமல் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் முக்கி எடுத்தாலும், வேறு ஜோடி போட்டுக்கொள்வதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பெட்டியில் கொண்டுவரத் தடை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். மிச்சமான பிரியாணியைப் பன்றிக்கோ கோழிக்கோ போடுவதும் சட்டப்படி குற்றம். தங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கோழி வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம்.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையை டிராக்டரில் ஏற்றக்கூடாது. ஏழுக்கு மேல் என்றால், கேபினுக்குள் தனி இருக்கையும் பெல்ட்டும் இருந்தால் மட்டுமே ஏற்றலாம். "ஒரே ஒரு போட்டோ, மடியில வெச்சுக்குங்க" என்று கெஞ்சி விவசாயியைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கொட்டகைக்கு அடியில் சாணக்குழம்புத் தொட்டி இருக்கும். அதைக் கலக்கும் நாளில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். உயிரைக் கொல்லும் அளவுக்கு இருந்தால் நாற்றமே தெரியாது, ஒரு மூச்சே போதும். கலக்கத் தொடங்கிக் குறைந்தது அரை மணி நேரம் பெரியவர்களே அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஒருவர் விழுந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். 112-ஐ அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த குடும்பங்கள் உண்டு.

கன்றைத் தொட்ட கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் போதாது, கன்றுக்கழிச்சலை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் அதற்குச் சாகாது. கர்ப்பிணிகள் குட்டி போடும் காலத்தில் ஆட்டுக்கொட்டகைக்குள் போகவே கூடாது. கருவைக் கலைக்கும் கிருமிகள் ஈனும் ஆட்டிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கலாம். கணவர் உள்ளே போயிருந்தால் அவர் பூட்ஸையும் துணியையும் மனைவி துவைக்கக்கூடாது.

உழவுப் போட்டிக்குக் கேன்வாஸ் ஷூ

தேசிய உழவுப் போட்டி 1931-இல் தொடங்கியது. செப்டம்பரில் மூன்று நாள், இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். கார் நிறுத்துவது அறுவடை முடிந்த வயலில். மழை பெய்தால் டிராக்டர்தான் காரை இழுக்கும். காரின் முன்பக்கக் கொக்கி எங்கே மாட்டும், அந்தக் கொக்கி டிக்கியில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிறுத்திய வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ரப்பர் பூட்ஸும் இரண்டு ஜோடி காலுறையும்.

வயல் வாசலில் கார் நிறுத்துவது

பத்து நிமிடமானாலும் வேண்டாம். அறுவடை இயந்திரத்துக்கு அதுதான் ஒரே வழியாக இருக்கும்.

பப்பில் ரவுண்ட்

ஒருவர் வாங்கிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டால், உங்கள் முறை வரும்போது எல்லோருக்கும் நீங்கள் வாங்க வேண்டும். நீங்கள் குடித்தது ஆரஞ்சு ஜூஸாக இருந்தாலும்.

அழைக்கவில்லையே என்று துக்கத்துக்குப் போகாமல் இருப்பது

இது நம் ஆட்களிடம் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. நல்லதுக்கு அழைத்துப் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று வளர்ந்தவர்கள், வெளிநாடு என்றதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அயர்லாந்துக் கிராமத்திலும் அதே வழக்கம்தான். இறந்தவரை ஒருமுறைகூடப் பார்த்திருக்கத் தேவையில்லை. மகனையோ மருமகளையோ தெரிந்தால் போதும்.

அறிவிப்பு ஆர்ஐபி டாட் ஐஇ தளத்திலும் உள்ளூர் ரேடியோவிலும் வரும். உடல் வைத்திருக்கும் இடமும் நேரமும் அதில் இருக்கும். வீடு குடும்பத்தினருக்கு மட்டும் என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகக்கூடாது, தேவாலயத்துக்குப் போகலாம். வரிசையில் நின்று, குடும்பத்தினர் ஒவ்வொருவர் கையையும் பற்றி, "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எப்படி இறந்தார் என்று அங்கே கேட்கக்கூடாது. பூ வேண்டாம் என்று அறிவிப்பில் இருந்தால் வாங்காதீர்கள். சாப்பாடு கொண்டுபோனால் பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை ஒட்டிக் கொடுங்கள். அண்டை வீட்டார் அந்த நாள்களில் மாடு கறந்து கொடுப்பார்கள். உங்களால் முடிவது பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது. அதைக் கேட்டுச் செய்யலாம்.

ஒரு மாதம் கழித்து ஒரு நினைவுத் திருப்பலி நடக்கும். தேதி தேவாலயத்தின் வாரச் செய்தித்தாளில் வரும். அதற்கும் போங்கள். பின் வரிசையில் உட்காரலாம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வாங்க எழுந்து போக வேண்டியதில்லை, மற்றவர்கள் போய் வரக் காலை ஒதுக்கி வழிவிட்டால் போதும்.