தட்டு ராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்தால்

அட்டைத் தட்டின் நடுவில் மோட்டார் (வெடிமருந்து அடைத்த சிறு குழல்) பொருத்திப் பறக்கவிடும் ராக்கெட் இது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தட்டு ஈரம் இழுத்து விளிம்பு நெளிந்துவிடும். பிறகு ராக்கெட் ஏவுகம்பியைத் தாண்டியதும் ஒரு பக்கம் சாயும். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து விளிம்பை அழுத்தினேன். ஆறியதும் இருபுறமும் மெல்லிசாக இரண்டு கோட் வார்னிஷ். ஒட்டும் இடத்தில் மட்டும் பூசக்கூடாது, அங்கே ஃபெவிகால் பிடிக்காது.

சாய்வு நின்றும் ஆட்டம் மிச்சமிருந்தது. 18 மி.மீ. மோட்டார் தட்டுக்குக் கீழே அதிகம் தொங்கியதால் எடைமையம் இறங்கியிருந்தது. மோட்டார் செருகும் குழாயை மேலே ஏற்றி ஒட்டியதும் நேராகப் போகிறது.

மோட்டார் வாங்கும்போது தாமத நேரத்தை (மோட்டார் எரிந்து முடிந்தபின் வெளியேற்று மருந்து வெடிக்கும்வரை உள்ள இடைவெளி) கட்டாயம் பாருங்கள், 3 நொடிக்கு மேல் வேண்டாம். அகலத் தட்டைக் காற்று சீக்கிரம் நிறுத்திவிடும், உடனே இறங்கத் தொடங்கும். தாமதம் நீண்டால் வெளியேற்று மருந்து தரையில் வெடிக்கும். சேர்வராயன் மலையில் கோடைப் புல் நொடியில் பற்றிக்கொள்ளும். தட்டே காற்றில் மெதுவாக இறங்குவதால் பாராசூட் தேவையில்லை.