ஏரிக்கரை வீட்டை உரிமையாளரிடமே நேரடியாக வாங்குவது எப்படி?

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் பலருக்கு, வார இறுதியில் குடும்பத்தோடு போய்த் தங்க நீர்நிலை ஓரத்தில் சிறிய வீடு ஒன்று வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கும். அத்தகைய வீடுகள் பல, சொத்து முகவர்களின் பட்டியலுக்கு வருவதே இல்லை. உரிமையாளர் வேலியில் 'உந்தோக் டிஜுவால்' (விற்பனைக்கு) என்று ஒரு பலகை மாட்டி அதில் தொலைபேசி எண்ணை எழுதிவிடுவார். அல்லது காப்பிக் கடையில் நாலு பேரிடம் சொல்லிவைப்பார். இப்படி நேரடியாக வாங்குவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆனால், முகவரும் மேம்பாட்டு நிறுவனமும் இல்லாத இடத்தில் அவர்கள் செய்யும் சோதனைகளை வாங்குபவரே செய்தாக வேண்டும். மலேசியக் குடியுரிமை உள்ளவர்கள் தீபகற்ப மலேசியாவில் வாங்குவதை மனத்தில் வைத்து, அந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன். வரிசை முக்கியம்: முதலில் நிலப்பட்டா, பிறகு வீடு, அதன் பிறகே விலை.

முதல் படி: எந்தக் கரையை விலைக்கு வாங்க முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் அழகான ஏரிக்கரைகளில் பெரும்பகுதி தனியார் நிலம் அல்ல. திரங்கானுவின் கென்யிர், பேராக்கின் தெமெங்கோர், சிலாங்கூரின் செமினி ஆகியவை அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கங்கள். இவற்றைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மாநில அரசுக்கு உரியது, அல்லது வனக் காப்பகமாகவோ நீர்ப்பிடிப்புப் பகுதியாகவோ ஒதுக்கப்பட்டது. பகாங்கில் உள்ள பெரா ஏரி 1994இல் ராம்சார் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் பாதுகாக்கப்படும் ஈரநிலமாகவும், சினி ஏரி 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அவற்றின் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள். அவர்களின் பாரம்பரிய நிலத்தை யார் விற்க வந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். அது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

நடைமுறையில் தனியார் பட்டாவோடு கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் பழைய ஈயக் குட்டைகளை, அதாவது ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்த குளங்களை, ஒட்டிய மனைகளும் தோட்ட நிலங்களும்தான். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் கம்பார், மாலிம் நாவார், பத்து காஜா வட்டாரங்களில் இத்தகைய குட்டைகள் ஏராளம். நீர் தெளிந்து, பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும் இடங்களும் உண்டு. சிலாங்கூரிலும் பழைய ஈயச் சுரங்கப் பகுதிகளில் பார்க்கலாம். முதன்முறை வாங்குபவர்கள் அணைக்கரைகளை விட்டுவிட்டு இவற்றிலிருந்து தேடத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: விற்பவரைக் கண்டுபிடியுங்கள்

முடா.மை விளம்பரத் தளம், ஃபேஸ்புக் சந்தை ஆகியவற்றில் ஊர்ப்பெயரையும் 'தாசேக்' (ஏரி), 'கெபுன்' (தோட்டம்), 'துவான் தானா' (நில உரிமையாளர்) போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். அதைவிட நல்ல பலன் தருவது, ஊரை முடிவுசெய்துவிட்டு நேரில் போய் கம்பத்துத் தலைவரிடமும் மளிகைக் கடையிலும் கோயில் நிர்வாகத்தினரிடமும் விசாரிப்பது. யாராவது இடையில் புகுந்து கமிஷன் கேட்டால், அவர் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். 1981ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு இல்லாதவர் சொத்து முகவராகத் தொழில் செய்ய முடியாது.

மூன்றாம் படி: நில அலுவலகத்தில் தேடல் செய்யுங்கள்

விற்பவரிடம் பட்டாவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகலை மட்டும் நம்ப வேண்டாம். அதில் உள்ள பட்டா எண், மனை எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அந்த மாவட்ட அல்லது மாநில நில அலுவலகத்தில் 'சாரியான்' எனப்படும் தேடலைச் செய்யுங்கள். தனிப்பட்ட தேடலுக்குக் கட்டணம் சிறிதுதான். பல மாநிலங்களில் இணையம் வழியாகவும் செய்யலாம். கையில் கிடைக்கும் அந்தத் தாள்தான் இந்த முயற்சி முழுவதிலும் மிக முக்கியமான ஆவணம். அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

முதலில் உரிமையாளர் பெயர். அந்தப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உங்களிடம் பேசுகிறவருடையவையாக இருக்க வேண்டும். பட்டா இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரில் இருந்தால், பேரன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் இப்போது விற்க முடியாது; வாரிசுகள் சொத்து நிர்வாக ஆணை பெற்ற பிறகே பேச்சைத் தொடருங்கள். பெயர்கள் பல இருந்தால், எல்லாரும் கையெழுத்திட்டால்தான் முழு மனையும் உங்களுக்கு வரும்.

அடுத்து 'கத்தெகோரி' என்ற இடத்தில் 'பெர்தானியான்' என்று இருந்தால் அது விவசாய நிலம்; 'பாங்குனான்' என்றால் கட்டட நிலம். அதற்குக் கீழே வரும் 'ஷராட் ஞாத்தா' என்ற வரி, அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. அங்கே ரப்பர் என்றோ பழத்தோட்டம் என்றோ எழுதியிருக்க, விற்பவர் அதில் வாடகைக்கு விடும் நாலு குடில்களைக் காட்டினால், அவை நிபந்தனைக்கு உட்பட்டவைதானா என்று கேட்டே ஆக வேண்டும். 'செக்காத்தான் கெப்பென்திங்கான்' என்ற வரியோ உரிமை மாற்றத்துக்கு உள்ள கட்டுப்பாட்டைச் சொல்வது. குத்தகை நிலங்களில் மாநில அரசின் அனுமதி வேண்டும் என்று அங்கே எழுதியிருப்பது வழக்கம். அந்த அனுமதிக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

'ரிசாப் மெலாயு' என்ற சொற்கள் அத்தாளில் இருந்தால் அது மலாய் ஒதுக்கீட்டு நிலம். மலாய்க்காரர் அல்லாதவர் அதை வாங்க முடியாது. ஒப்பந்தம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரையும் பெற்றுத் தந்துவிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அந்த முத்திரை ஒருவர் கையெழுத்திட்டார் என்பதற்குச் சாட்சியே தவிர, நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றாது. பட்டாவே இல்லாமல் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்கும் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டி.ஓ.எல். என்று நம்மவர்கள் சொல்லும் அந்த உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் முடிவது. பிறருக்கு மாற்ற முடியாதது. உரிமம் பெற்றவர் இறந்தால் அவரோடு முடிந்துபோவது. மலிவான ஏரிக்கரை வீடுகள் பலவற்றின் பின்னணி இதுவாக இருக்கலாம் என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கடைசியாக, வங்கி அடமானமோ, நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்கும் பதிவான காவியட்டோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடமானம் இருப்பது குற்றமில்லை, விற்பனைப் பணத்திலிருந்து தீர்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் காவியட் போட்டிருந்தால் காரணம் தெரியும்வரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.

நான்காம் படி: மனையையும் வீட்டையும் பாருங்கள்

பட்டா சரியாக இருந்தால் மட்டும் பயணத்துக்குக் கிளம்புங்கள். ஏரிக்கரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மனை எங்கே முடிகிறது என்பது. பல இடங்களில் தண்ணீருக்கும் தனியார் மனைக்கும் இடையில் ஒதுக்கு நிலம் உண்டு. உங்கள் மனத்தைக் கவர்ந்த மரத் திண்ணையும் படகுத்துறையும் அந்த ஒதுக்கு நிலத்தில் நிற்கக்கூடும். அப்படியானால் நீங்கள் விலை கொடுப்பது உங்களுக்குச் சொந்தமாகாத ஒன்றுக்கு. உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். பாதையையும் அவரிடமே கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்தின் வழியாக மட்டுமே வண்டி வரமுடியும் என்றால், அந்தத் தோட்டக்காரர் மனம் மாறும் நாளில் உங்களுக்கு வழி இருக்காது.

வீட்டுக்குள் போனதும் தளவாடங்களை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். புதிதாகச் சாயம் அடித்த சுவரிலும் அலமாரிக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு தெரியலாம். அது வெள்ளம் வந்து நின்ற உயரம். கதவின் கீழ்க் கீல் துருப்பிடித்து மேல் கீல் புதிதுபோல் இருப்பதும், மின்செருகிகள் வழக்கத்தைவிட உயரத்தில் இருப்பதும் அதையே சொல்லும். பக்கத்து வீட்டாரிடம், 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது இங்கே எப்படி இருந்தது என்று கேளுங்கள். நேரான கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும்.

ஈயக் குட்டை ஓரமாக இருந்தால் மண்ணைப் பற்றிக் கூடுதல் கவலை வேண்டும். ஈயம் கழுவிய பிறகு விட்ட மணல் படிந்த இடம் ஓரளவு தாங்கும். சேறு படிந்த இடமோ ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், எல்லா அறைகளிலும் அது ஒரே பக்கமாக உருண்டால் பொறியாளரை அழைக்காமல் முடிவெடுக்காதீர்கள். கட்டட வரைபட அனுமதியையும் கேளுங்கள். 2007க்குப் பின் கட்டிய வீடு என்றால் கட்டடம் முறைப்படி முடிந்து குடியேறத் தகுதி பெற்றது என்று காட்டும் சி.சி.சி. சான்றிதழ், அதற்கு முந்தியது என்றால் அதன் பழைய வடிவமான சி.எஃப். இருக்க வேண்டும். இவை இல்லாத வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் கடன் தர வங்கிகள் தயங்கும் என்பதால், வங்கியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஐந்தாம் படி: விலை பேசுங்கள்

ஏரிக்கரை வீட்டுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அக்கம்பக்கத்தில் விற்பனை அதிகம் இருக்காது. தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக் வெளியிடும் பழைய விற்பனைத் தரவுகளைப் பாருங்கள். அதோடு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை வாங்குவது வீண் செலவல்ல. முகவர் கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, அது வழக்கமாக விற்பவர் தருவது. நேரடி விற்பனையில் அது அவருக்கு மிச்சமாவதால், அதில் ஒரு பங்கைக் குறைத்துத் தரும்படி கேட்பதில் தவறில்லை.

ஆறாம் படி: பணம் எந்த வழியாகப் போக வேண்டும்

விற்பவரின் வழக்கறிஞரையே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முன்பணமாகவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மீதி சேர்த்து மொத்தம் 10 விழுக்காடாகவும் கொடுப்பார்கள். முன்பணத்தை விற்பவரின் கையில் கொடுக்காமல் வழக்கறிஞர் வசம் வைப்புத்தொகையாக வைத்து, கடன் கிடைக்காவிட்டாலோ மாநில அனுமதி மறுக்கப்பட்டாலோ திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் பெறுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்கள் பெயரில் தனியார் காவியட் பதியச் சொல்லுங்கள். அது 6 ஆண்டுகள் நடப்பில் இருக்கும், அதற்குள் அதே நிலத்தை வேறொருவருக்கு மாற்ற முடியாமல் காக்கும்.

செலவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 400,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்ற முத்திரை வரி, முதல் 100,000க்கு 1 விழுக்காடும் அடுத்த 300,000க்கு 2 விழுக்காடும் சேர்த்து 7,000 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, அதாவது 5,000 வெள்ளி. சேவை வரியும் இதர செலவுகளும் தனி. முத்திரை வரி ஒப்பந்த விலைக்கு அல்லாமல், அதைவிட அதிகமாக இருந்தால் அரசு மதிப்பீட்டுக்கே விதிக்கப்படும். ஆகவே விலையைக் குறைத்து எழுதலாம் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது குற்றமும் கூட.

நேரடி விற்பனையில் பலர் மறக்கும் ஒன்று, சொத்து இலாப வரி. வரி விற்பவருடையதுதான், ஆனால் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய கடமை வாங்குபவருக்கு உண்டு. விலக்குப் பெற்றவர் என்றால் அதற்கான பாரத்தை அவர் தர வேண்டும். இதை வழக்கறிஞரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஏழாம் படி: சாவி கைக்கு வந்த பிறகு

உரிமை மாற்றத்துக்கான 14ஏ பாரம் பதிவாகி, பட்டாவில் உங்கள் பெயர் ஏறியதும் மறுபடி ஒரு தேடல் செய்து பாருங்கள். மின்சாரம், தண்ணீர், மதிப்பீட்டு வரி ஆகியவற்றின் கணக்குகளை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அடிப்படைத் தீக்காப்புறுதி வெள்ளத்தைச் சேர்க்காது என்பதால், வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேருங்கள். நிலவரியை ஆண்டுதோறும் மே 31க்குள்ளும், மதிப்பீட்டு வரியைப் பிப்ரவரி, ஆகஸ்ட் மாத முடிவுக்குள்ளும் செலுத்த வேண்டும். கோலாலம்பூரில் இருந்துகொண்டு தொலைவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வரிக் கடிதங்கள் கைக்கு வராமல் போவதுண்டு, ஆகவே நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உங்கள் கோலாலம்பூர் முகவரியையே பதிவுசெய்யுங்கள்.