பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு ஏற்றலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "லெவனுக்கு ஏத்திடலாமா?" இந்த ஒரு கேள்விக்குள் பெரும்பாலும் இரண்டு குறைகள் கலந்து கிடக்கும். சிஸ்டம் ரொம்ப ஸ்லோ என்பது ஒன்று. இனி இதில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்தா என்பது இன்னொன்று. ஓஎஸ் (விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) மாற்றுவது இரண்டாவது குறைக்கு மட்டுமே மருந்து. முதல் குறைக்கு மருந்து, பல வீடுகளில், உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஏற்றினால், ஸ்லோவான பத்து போய், அதைவிட ஸ்லோவான பதினொன்று வந்து உட்காரும்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, நான்கு வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிராசஸர், பயாஸ் மோடு, செக்யூர் பூட் ஸ்டேட், இன்ஸ்டால்டு மெமரி. பிறகு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். 'டிஸ்க் 0' என்பதன் கீழே எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) என்று இருக்கிறதா, எச்டிடி (சுழலும் ஹார்டு டிஸ்க்) என்று இருக்கிறதா? மெமரியைத் தொட்டால், ரேம் ஸ்லாட் மொத்தம் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

இந்த நான்கில் பிராசஸர் வரிதான் முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும். இன்டெல் கோர் வகையில், சிறு கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யு என்றால் பத்தாம் தலைமுறை. அங்கே முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கான கோடு எட்டில் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டில் இருக்கும் சாதாரண ஐ3, ஐ5 அதில் வராது. செலிரான், பென்டியம் பெயர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. செலிரான் என்4000 பட்டியலில் இருக்கிறது, என்3350 இல்லை. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆரம்பம், ஆனால் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி இரண்டும் பெயரில் இரண்டாயிரம் இருந்தும் உள்ளே முதல் தலைமுறை என்பதால் பட்டியலில் இல்லை. குழப்பமாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டுங்கள். எது இடிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும்.

எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்

ஏற்றலாம். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த சிஸ்டங்களில் பாதிக்கு 'உங்கள் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை' என்று வருவது ஏன்? விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருந்தும், அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அணைக்கப்பட்டே கிடக்கும். தனியாக சிப் வாங்கித் தரச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயாஸில் இன்டெல் போர்டு என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற வரியைத் தேடி எனேபிள் செய்தால் போதும்.

பயாஸைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகே டிபிஎம், செக்யூர் பூட் பக்கம் போக வேண்டும். அந்த எண் கையில் இல்லாமல் அமைப்பை மாற்றிவிட்டு, நீலத் திரையில் அது கேட்கும்போது விழிப்பவர்கள் ஏராளம்.

அடுத்த முட்டுக்கட்டை பயாஸ் மோடு. அதில் 'லெகசி' என்று இருந்தால், டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே விட்டுவிட்டு பயாஸில் மட்டும் யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். டேட்டா அழியாமல் இதைச் செய்ய விண்டோஸ் 10-லேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, கட்டளையின் பெயருக்குப் பின் 'வேலிடேட்', 'அலோஃபுல்ஓஎஸ்' என்ற இரண்டு சொற்களையும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோட்டோடு, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சோதனை வெற்றி என்று வந்தால், 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கன்வெர்ட்' போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்து யூஈஎஃப்ஐக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

சோதனை தோற்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் சி, டி, இ, எஃப் என்று நான்கு பிரைமரி பார்ட்டிஷனாக வெட்டிக் கொடுத்திருப்பார்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் இந்தக் கருவி கை வைக்காது. கடைசி டிரைவில் உள்ளதை வேறெங்காவது நகலெடுத்துவிட்டு அதை நீக்கினால் வழிவிடும்.

இன்னொரு சின்னப் பொருள், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல். நிறுத்திவைத்து மறுநாள் போட்டால் தேதி தப்பாகக் காட்டுகிறது என்றால் அந்த செல் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும். சிஎஸ்எம் தானாக இயங்கி, டிபிஎம் அணைந்து, 'பூட் டிவைஸ் இல்லை' என்று திரை சொல்லும். நல்ல விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவார்கள், கோளாறு செல்லில் இருக்கும். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே புதுசு போட்டுவிடுங்கள்.

இரண்டாம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரை

2011 முதல் 2017 வரை வாங்கியவை ஏறக்குறைய எல்லாம் இங்கேதான். எச்61 என்ற பழைய இன்டெல் போர்டு போட்ட டெஸ்க்டாப்புகள், அரசு முதலில் கொடுத்த இலவச மடிக்கணினிகள் எல்லாமே இந்தப் பக்கம்தான் வரும். அவசரப்பட வேண்டாம், வேகக் குறையை முதலில் தீர்த்துவிட்டு ஓஎஸ்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

டாஸ்க் மேனேஜரில் எந்த வேலையும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அதுதான் ஆள். சுழலும் ஹார்டு டிஸ்க், பெரிய ஒரே ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி கொடுக்கும். விண்டோஸ் எழும்பும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்கள். அங்கே அதே டிஸ்க் நொடிக்கு ஒரு எம்பியைத் தாண்டவே திணறும். எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் வழிக்குப் பழைய சாட்டா 2 வேகம்தானே, எஸ்எஸ்டி வீண் என்று சிலர் தடுப்பார்கள். உச்ச வேகம் பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். துண்டு ஃபைல் படிப்பதில் வித்தியாசம் அப்போதும் மலைக்கும் மடுவுக்கும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 240 அல்லது 256 ஜிபி போதும். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு வாங்கும்போது 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகையா என்று ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். 1.5 வோல்ட் ஸ்டிக்கைச் செருகினால் பல லேப்டாப்புகளில் திரையே வராது.

பழைய 500 ஜிபி டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு கிளோன் (அப்படியே நகல்) செய்யப் பார்த்து அரை நாளைத் தொலைக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் கிளோன்ஸில்லா பெரியதிலிருந்து சின்னதுக்கு நேராக எடுக்காது. விண்டோஸைப் புதிதாக எஸ்எஸ்டியில் நிறுவுவதே சுத்தம். நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் பகுதி பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டியும் எழும்பாது. முறையான லைசென்ஸ் இருந்தால் 'கீ இல்லை' என்று தேர்ந்தெடுத்து நகருங்கள். அதே மதர்போர்டு என்பதால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கடைக்காரர் ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை (லைசென்ஸ் வாங்காமலே இயக்கும் கருவியை) ஓட்டிக் கொடுத்த விண்டோஸ் என்றால் கதை வேறு. அந்த ஆக்டிவேட்டருக்காக, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சிஸ்டத்தில் பாதுகாப்பு அப்டேட் வருகிறதா இல்லையா என்று கவலைப்படுவது, கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடுவது போல.

வேகம் சரியான பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பத்திலேயே தொடர்வது. ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பை இயக்கி அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம். ஒரே அக்கவுன்ட்டில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். முடிவெடுக்க அவகாசம் வாங்கும் வழி இதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்பதைக் காட்டி 'அதான் ஆன்டிவைரஸ் இருக்கே' என்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களுக்குள்தான் அது புகுந்தது. ஓட்டையை அடைப்பது ஒரு வேலை, நுழைந்ததைப் பிடிப்பது வேறு வேலை.

இரண்டு, தகுதியில்லாத சிஸ்டத்தில் தடையைத் தாண்டி பதினொன்றை ஏற்றுவது. ரூஃபஸ் என்ற இலவசச் செயலி மூலம் பென்டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கும் தேர்வு வரும். ஐந்தாம், ஆறாம் தலைமுறையில் எஸ்எஸ்டியோடு நன்றாகவே ஓடும். சிக்கல் பிறகுதான். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் பென்டிரைவ் தயாரித்து இதே சடங்கைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்ததும் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுபோகும், எந்தக் குறைக்காக மாற்றினோமோ அதே இடத்துக்கு வந்து நிற்போம். சொந்தக் கையால் ஃபார்மேட் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது சரி. வெளியூரில் இருக்கும் அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரில் இதைச் செய்துவிட்டு வராதீர்கள்.

மூன்று, விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் லினக்ஸ் மின்ட். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. பிரவுசர், யூடியூப், கடிதம் தட்டுவது, பிள்ளைகளின் பாடம் என்ற அளவில் பயன்பாடு இருந்தால் இதுவே சிறந்த வழி. நிறுவாமலே 8 ஜிபி பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வைஃபை, சவுண்டு, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் ஆகிய நான்கையும் சோதியுங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் தேடினால் பல பிராட்காம் கார்டுகளுக்கு வழி கிடைக்கும். கேனன் எல்பிபி2900 பிரின்டர் வைத்திருப்பவர்கள் பொறுமையோடு வாருங்கள். அதன் டிரைவர் லினக்ஸில் எளிதாக மடங்காது. டேலி, டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன் வைத்து வேலை பார்ப்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள்.

கோர் 2 டுவோவும் அதற்கு முந்தையவையும்

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஈ4.2 என்ற கட்டளைத் தொகுதி பிராசஸரில் இருந்தே ஆக வேண்டும். கோர் 2 டுவோவில் அது இல்லை, எந்தத் தந்திரத்துக்கும் பூட் ஆகாது. மின்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுப் பாருங்கள். இந்த வயதுக்கு மேல் புது ரேம் வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

ஏற்றும் நாளில்

பேக்கப்பில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோக்களை எல்லாரும் எடுப்பார்கள். மறப்பது தமிழ் எழுத்துருக்களை. பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரோடு, உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போகும் இன்னொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் இருக்கிறது. வலது கிளிக்கில் நிறுவியவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலியை ஓட்டி டிஸ்க்கின் நிலையையும் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' காட்டி, 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் அந்த டிஸ்க்கில் அப்கிரேடு செய்யாதீர்கள். பாதியில் நிற்கும், டேட்டாவையும் இழுத்துக்கொண்டு போகும். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். வேறு நிறுவன ஆன்டிவைரஸை நீக்குங்கள், கீபோர்டு மவுஸ் தவிர யூஎஸ்பியில் இருப்பதை எல்லாம் கழற்றுங்கள். 0xC1900101 என்று தொடங்கும் பிழை எண் வந்து பழையபடி திரும்பினால், ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய கிராஃபிக்ஸ் டிரைவராகவோ நீக்க மறந்த ஆன்டிவைரஸாகவோ இருக்கும்.

32-பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மேலே ஏற்றும் வழி கிடையாது, ஏனென்றால் பதினொன்று 64-பிட்டில் மட்டுமே வருகிறது. அழித்துத்தான் நிறுவ வேண்டும்.

ஏற்றிய பின் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிகவரி பக்கத்தில் 'கோ பேக்' அழுத்திப் பழையதுக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் 10 நாள்தான் இருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே பிரின்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள், ஸ்கேனரை ஓட்டுங்கள், டோக்கனைச் செருகுங்கள், வெப்கேமில் யாரையாவது அழையுங்கள். இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கிடக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அழித்தால் அந்த வழியும் அன்றே மூடிவிடும்.