ஞாயிறு மது விற்பனையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் முறை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கடைகளில் ஞாயிறன்று மது விற்கலாமா என்பதை அந்தந்த நகரமோ கவுண்ட்டியோ (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தன் வாக்காளர்களிடமே கேட்டு முடிவு செய்துகொள்ள 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது.

முதலில், உங்கள் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே கவுண்ட்டிப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணுக வேண்டிய மன்றம் அதைப் பொறுத்தே அமையும். வாக்கெடுப்பு நடத்தும்படி தீர்மானம் இயற்றும் அதிகாரம் மன்றத்திடமே இருப்பதால், தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குவதைவிட உறுப்பினர்களின் பெரும்பான்மையைத் திரட்டுவதே முக்கியம். மதுவை அறவே வெறுக்கும் உறுப்பினரிடமும், "விற்பனையை ஆதரிக்கச் சொல்லவில்லை, மக்களைக் கேட்கத்தான் சொல்கிறோம்" என்று பேசிப் பாருங்கள். இந்த வாதம்தான் எடுபடும் என்பது என் கணிப்பு.

தீர்மானம் நிறைவேறியதும், வாக்காளர் பதிவுக்கான கெடு தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு நினைவூட்டுங்கள்.

வாக்குச்சீட்டிலுள்ள கேள்வி, பகல் 12.30 முதல் இரவு 11.30 வரை கடைகளில் வாங்கிக்கொண்டு போவதற்கான விற்பனையைப் பற்றியது மட்டுமே. உணவகத்தில் அமர்ந்து குடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை (பலர் குழம்புவது இங்கேதான்). பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் "ஆம்" என்று விழ வேண்டும்.